சுவாசப்பாதை நோயெதிர்ப்பில் பிஎச்டி: நெட் தேர்விலிருந்து முதல் சாம்பிள் வரை

ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்), காசநோய் போன்ற நுரையீரல் நோய்களில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் எம்எஸ்சி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயோடெக், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி எதைப் படித்திருந்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் செல்களில் வேலை செய்கிறேன். தூசியோ வைரஸோ உள்ளே வந்ததும் ஐஎல்-33, டிஎஸ்எல்பி போன்ற எச்சரிக்கைப் புரதங்களை முதலில் வெளியிடுவது மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் எபிதீலியச் செல்கள்தான். மற்ற நோயெதிர்ப்புச் செல்கள் அதற்கப்புறம்தான் கிளம்புகின்றன. அந்த டிஎஸ்எல்பியைத் தடுக்கும் டெசிபெலுமாப் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. லேபில் பார்க்கும் விஷயம் நோயாளியின் கைக்குப் போய்ச்சேரும் வாய்ப்பு உண்மையாகவே உள்ள துறை இது. நல்ல மாணவர்கள் நிறையப் பேர் வரவேண்டும்.

ஆனால் நுழைகிறவர்களுக்கு எந்தக் காகிதம் எப்போது வேண்டும், எந்த ஒப்புதலுக்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. நான் ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன்.

1. எதை வைத்து வேலை செய்யப்போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள்

"நுரையீரல் நோயெதிர்ப்பு" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் பிற்பாடு சிக்கல். ஒரே கேள்வியை நான்கு விதமாக ஆராயலாம். ஒவ்வொன்றுக்கும் காலக்கணக்கு வேறு.

செல் லைன் (லேபில் தொடர்ந்து வளரும் செல்கள்) என்றால் சேர்ந்த சில வாரங்களிலேயே வேலை தொடங்கலாம். எலி என்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கப்புறம் ஓவால்புமின் அல்லது வீட்டுத்தூசிப் பூச்சியின் புரதம் கொடுத்து ஒவ்வாமையை உண்டாக்கவே ஒரு சுற்றுக்கு மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். மனித சாம்பிள் என்றால் எதிக்ஸ் கமிட்டி, மருத்துவமனை ஒப்பந்தம், நோயாளியின் சம்மதம் மூன்றும் வேண்டும். காசநோய்க் கிருமியை உயிரோடு வளர்க்கவேண்டும் என்றால் பிஎஸ்எல்-3 என்ற மூன்றாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு வசதி இருக்கும் இடத்துக்குத்தான் போகமுடியும். அந்த வசதி விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருக்கிறது.

என் கருத்து: மனித சாம்பிள் இல்லாத சுவாசப்பாதை ஆய்வு பாதி ஆய்வுதான். ஆனால் முழுத் தீசிஸையும் மனித சாம்பிளை மட்டும் நம்பி வைக்காதீர்கள். எலியோ செல் லைனோ பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

2. தேர்வுக்கு முன்பே சான்றிதழ்களைச் சரிபாருங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் சாதிச் சான்றிதழ். தமிழ்நாடு அரசு தரும் பிசி, எம்பிசி சான்றிதழை மத்திய அரசின் தேர்வுகளில் ஏற்கமாட்டார்கள். மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வாங்கவேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். இதில் இரண்டு பொறிகள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்காது. விண்ணப்பிக்கும் முன் மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தது, பெரும்பாலான அறிவிப்புகள் அந்த நிதியாண்டில் வாங்கிய சான்றிதழைத்தான் கேட்கும். போன வருடம் வாங்கியது வீட்டில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஏப்ரல் பிறந்ததும் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள்.

மற்றவை: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் (பிறந்த தேதிக்கு இதுதான் ஆதாரம்), எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகளும், புரொவிஷனல் சான்றிதழ், சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றித் தரும் கடிதம், மைக்ரேஷன் சான்றிதழ். கடைசி இரண்டையும் கல்லூரியை விட்டு வரும்போதே வாங்கிவிடுங்கள். வேறு மாநிலத்தில் சேர்ந்தபிறகு மைக்ரேஷனுக்காகப் பழைய பல்கலைக்கழகத்துக்கு வந்துபோவதென்றால் ரயில் செலவும் லீவும் சேர்ந்து போகும்.

எம்எஸ்சியில் குறைந்தது 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் முன்னால், ஒன்றில் விரித்து எழுதிப் பின்னால் என்று இருந்தால் உதவித்தொகைக் கணக்கு தொடங்கும்போது நின்றுவிடும்.

3. நெட் எழுதுங்கள், ஜேஆர்எஃப் குறிவையுங்கள்

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு, லைஃப் சயின்சஸ் தாள். வருடத்துக்கு இரண்டு சுற்று. பொதுப்பிரிவுக்குக் கட்டணம் ஆயிரத்துச் சொச்சம், மற்றவர்களுக்குக் குறைவு. மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஏ பகுதியில் 15, பி பகுதியில் 35, சி பகுதியில் 25 கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும். சி பகுதியில் ஒரு கேள்விக்கு நான்கு மதிப்பெண். ஜேஆர்எஃப் என்ற மாத ஆய்வு உதவித்தொகை கிடைப்பதும் போவதும் அங்கேதான். நோயெதிர்ப்பு இயல் பாடத்திட்டத்தின் நான்காம் யூனிட்டில், செல் சமிக்ஞைகளோடு சேர்ந்து வருகிறது. கடைசி யூனிட்டான ஆய்வு முறைகளையும் சேர்த்து நன்றாகப் படித்தால் தேர்வுக்கும் உதவும், அப்புறம் வரும் நேர்காணலுக்கும் உதவும்.

2024-இலிருந்து முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்டி சேர்க்கையும், பிஎச்டி சேர்க்கை மட்டும். மூன்றாவது வகை கிடைத்தால் சேரலாம், ஆனால் கையில் உதவித்தொகை இருக்காது. அதன் செல்லுபடிக் காலமும் ஒரு வருடம்தான். டிபிடி (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) நடத்தும் பெட் தேர்வையும் கூடவே எழுதிவையுங்கள், பாடம் ஏறக்குறைய அதேதான். எம்எஸ்சியில் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவர்கள் இன்ஸ்பயர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

"முதலில் புராஜெக்ட்டில் சேருங்கள், அப்புறம் பிஎச்டிக்குப் பதிவு செய்துகொள்ளலாம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அனுபவத்துக்காக ஆறு மாதம், ஒரு வருடம் இருக்கலாம், தவறில்லை. பதிவு எப்போது, எந்தப் பல்கலைக்கழகத்தில், புராஜெக்ட் நிதி எந்த மாதம் முடிகிறது என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இரண்டு வருடத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

4. லேபைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்கவேண்டியவை

சென்னையில் சேத்துப்பட்டில் இருக்கும் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் காசநோய் நோயெதிர்ப்புக்குப் பெயர் போனது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் அடுப்புப்புகை, காற்று மாசு பற்றிய ஆய்வு பெரிய அளவில் நடக்கிறது. கேஸ் அடுப்புக்கு மாறினால் உடல்நலம் எப்படி மாறுகிறது என்று நான்கு நாடுகளில் பார்த்த ஹேப்பின் ஆய்வின் இந்தியப் பகுதி தமிழ்நாட்டில்தான் நடந்தது. வேலூர் சிஎம்சி, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ், மைசூரு ஜேஎஸ்எஸ் ஆகிய இடங்களில் மருத்துவமனையும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. டெல்லியில் ஆஸ்துமாவுக்கு சிஎஸ்ஐஆரின் மரபணு ஆய்வு நிறுவனமான ஐஜிஐபியும், நுரையீரலுக்கென்றே இருக்கும் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனமும் உண்டு. சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் சேர்ந்தால் பட்டத்தை அதன் கல்வி நிறுவனமான ஏசிஎஸ்ஐஆர் தரும். அங்கே கிராமப்புறப் பிரச்சினை ஒன்றை எடுத்துச் செய்யும் புராஜெக்டும் கோர்ஸ் ஒர்க்கில் சேரும்.

பெயரைவிட முக்கியம், நேர்காணலின்போதோ அதற்கு முன்போ நீங்கள் கேட்கும் கேள்விகள். கைடிடம் மரியாதையாக, நேராகக் கேளுங்கள்: "மேடம், மனித சாம்பிளுக்கு எதிக்ஸ் ஒப்புதல் இப்போது நடப்பில் இருக்கிறதா, எந்த வருடம் வரை?" "எந்த மருத்துவர் சாம்பிள் தருகிறார், வாரத்துக்கு எத்தனை வரும்?" "இந்த புராஜெக்ட்டின் நிதி எப்போது முடிகிறது?" நல்ல கைடு இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார். அப்புறம், அந்த லேபில் நான்காம், ஐந்தாம் ஆண்டில் இருக்கும் அக்காவையோ அண்ணனையோ தேடிப்பிடித்துத் தனியாக டீ குடிக்கக் கூப்பிடுங்கள். கடைசியாக சாம்பிள் எப்போது வந்தது என்று அவர்களிடம் கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும்.

முதல் மின்னஞ்சல் பத்து வரிக்குமேல் வேண்டாம். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். நெட் நிலை, சேரக்கூடிய மாதம், சிவி. அவ்வளவு போதும்.

5. சேர்க்கையும் பணமும்

2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், அதற்கடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் 42,000. ஹாஸ்டல் இல்லை என்றால் வீட்டு வாடகைப் படி தனி. சென்னை, பெங்களூரு, டெல்லி போன்ற நகரங்களில் 30 சதவீதம், அதாவது ஜேஆர்எஃப்புக்கு 11,100 ரூபாய். சிஎஸ்ஐஆர் ஃபெலோவுக்கு வருடம் 20,000 கன்டின்ஜென்சியும் (ஆய்வுச் சில்லறைச் செலவுக்கான பணம்) உண்டு. இரண்டு வருடம் ஜேஆர்எஃப், அப்புறம் மூன்று வருடம் எஸ்ஆர்எஃப்.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் தொகை உடனே வராது. சேர்ந்த அறிக்கை, கைடின் கையெழுத்து, நிறுவனத் தலைவரின் கையெழுத்து, வங்கி விவரம் எல்லாம் போய்ச்சேர்ந்து, அங்கே சரிபார்த்து, பிறகுதான் பணம். நான்கு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். யுஜிசி ஜேஆர்எஃப் என்றால் நிறுவனத்தின் அலுவலகம் மாதாமாதம் இணையத்தில் உறுதிசெய்தால்தான் வரவு விழும். அந்த வேலையைப் பார்க்கும் ஊழியர் யார் என்று முதல் வாரமே தெரிந்துகொண்டு, மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. அலுவலகத்தில் தெரியாது என்று சொன்னால் விதியை அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

6. எதிக்ஸ் ஒப்புதல்: சேர்ந்த முதல் மாதமே தொடங்குங்கள்

இந்தத் துறையில் வருடங்களைத் தின்பது இந்தப் படிதான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். "கோர்ஸ் ஒர்க் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோர்ஸ் ஒர்க் நடக்கும்போதே விண்ணப்பம் போய்விடவேண்டும்.

வழக்கமாகக் கேட்கும் காகிதங்கள்: அறிவியல் குழு ஏற்ற ஆய்வுத் திட்டம், நோயாளிக்கான தகவல் தாள், சம்மதப் படிவம், ஆய்வில் இருக்கும் எல்லோருடைய சிவி, நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழ், பட்ஜெட், லேபுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள ஒப்பந்தம். தகவல் தாளும் சம்மதப் படிவமும் நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இருக்கவேண்டும். சென்னையில் என்றால் தமிழ், ஆங்கிலம் இரண்டும். வேலூரில் என்றால் தெலுங்கும் கேட்பார்கள். தமிழ்ப் படிவத்தை ஒரு நோயாளியின் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். "மூக்குக்குள் மெல்லிய பிரஷ் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்போம், கண்ணில் தண்ணீர் வரலாம், தும்மல் வரலாம், லேசாக ரத்தம் கசிந்தால் சில நிமிடத்தில் நின்றுவிடும்" என்று எழுதினால் வயதான அம்மாவுக்கும் புரியும். கமிட்டியில் இருக்கும் பொதுமக்கள் பிரதிநிதி முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

குழந்தைகளின் ஆஸ்துமா என்றால் பெற்றோரின் சம்மதம் மட்டும் போதாது. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவும், 12-இலிருந்து 18 வரை எழுத்து இசைவும் வேண்டும். அதற்குத் தனிப் படிவம்.

காலக்கணக்கு இப்படிப் போகும். கமிட்டி மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும். கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே காகிதம் போகவேண்டும். முதல் கூட்டத்தில் திருத்தம் சொல்வார்கள், அடுத்த கூட்டத்தில் ஏற்பார்கள். லேபும் மருத்துவமனையும் வேறுவேறு நிறுவனம் என்றால் இரண்டு கமிட்டி, இரண்டு மடங்கு நாள். எல்லாம் சேர்த்து மூன்று முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் ஒரு கமிட்டி ஏற்ற படிவத்தில் இன்னொரு கமிட்டி ஒரு பத்தியை மாற்றச் சொல்ல, மாற்றிய படிவம் முதல் கமிட்டிக்கே திரும்பவும் போகவேண்டி வந்தது. இரண்டு கமிட்டிக்கும் ஒரே நாளில் ஒரே படிவத்தைக் கொடுத்து, இரண்டின் திருத்தங்களும் வந்தபிறகு ஒரே முறையாகத் திருத்தினால் அந்த அலைச்சல் குறையும்.

வெளிநாட்டு நிதியோ கூட்டாய்வோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக்குழு ஒப்புதலும் வேண்டும். அதற்குத் தனியாக மாதங்கள் ஒதுக்குங்கள். நோயாளிகளுக்கு மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு முடிந்திருக்கவேண்டும். பின்னால் பதிவு செய்ய 2018 ஏப்ரலிலிருந்து வழியில்லை.

ஒப்புதலுக்குக் காலாவதி உண்டு. முடியும் தேதியை மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுங்கள். காலாவதியான நாட்களில் எடுத்த சாம்பிளைக் கட்டுரையில் பயன்படுத்தமுடியாது.

7. சாம்பிள் வரும் நாள்

முதல் சாம்பிளைத் தொடும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கவேண்டும். 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை, ஆகவே சேர்ந்த வாரமே தொடங்குங்கள். ஆஸ்துமா நோயாளியின் சளிதானே என்று அலட்சியம் வேண்டாம். நம் நாட்டில் எந்தச் சளியிலும் காசநோய்க் கிருமி இருக்கலாம். பயோசேஃப்டி கேபினெட்டுக்கு வெளியே மூடியைத் திறக்காதீர்கள்.

தூண்டிய சளி எடுக்கும்போது நோயாளிக்கு முதலில் சால்ப்யூடமால் கொடுத்து, பிறகு உப்புக்கரைசலை நெபுலைசரில் இழுக்க வைப்பார்கள். ஊதும் திறன் குறைகிறதா என்று இடையிடையே ஸ்பைரோமீட்டரில் பார்ப்பார்கள். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. வந்த சளியை இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்தாகவேண்டும். பெட்ரி டிஷ்ஷைக் கறுப்புத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள்: எச்சில் தண்ணியாக, நுரையோடு ஓடும், மூச்சுக்குழாயிலிருந்து வந்த சளி கெட்டியாக, வெள்ளைத் திட்டுகளாகத் தனித்துத் தெரியும். ஃபோர்செப்ஸால் அந்தத் திட்டுகளை மட்டும் எடுத்து, எடை பார்த்து, டிடிடி என்ற வேதிப்பொருள் போட்டுக் கரைக்கவேண்டும். எச்சில் கலந்துவிட்டால் ஸ்லைடில் வாயின் தட்டைச் செல்கள்தான் நிறைந்திருக்கும், இயோசினோஃபில் (ஒவ்வாமையில் பெருகும் வெள்ளை அணு) கணக்கு தப்பாகும். டிடிடி சில சைட்டோகைன்களின் (செல்கள் வெளியிடும் சமிக்ஞைப் புரதங்கள்) அளவீட்டையும் கெடுக்கும். அதனால் சளியில் ஒரு பகுதியை டிடிடி இல்லாமல் தனியாக எடுத்துவையுங்கள்.

நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தை, ஒளிரும் சாயத்தால் செல்களை இனம்காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆல்வியோலார் மேக்ரோஃபேஜ்கள் (நுரையீரல் காற்றறைகளில் இருக்கும் விழுங்கு செல்கள்) தாமாகவே ஒளிரும், புகைபிடிப்பவரிடம் இன்னும் அதிகமாக. சாயம் போடாத செல்களை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஓட்டாவிட்டால், இல்லாத மார்க்கர் இருப்பதுபோலத் தெரியும்.

8. காத்திருக்கும் மாதங்களில்

செல் லைன்களைப் புனேயின் தேசிய செல் அறிவியல் மையமான என்சிசிஎஸ்ஸில் வாங்கலாம். ஏ549 நுரையீரல் புற்றிலிருந்து வந்தது. அதை வைத்து மூச்சுக்குழாய் பற்றிப் பெரிதாகப் பேசினால் ரிவ்யூவர் விடமாட்டார். பியாஸ்-2பி மூச்சுக்குழாயிலிருந்து வந்தது, ஆனால் சீரம் கலந்த மீடியத்தில் வளர்த்தால் அதன் குணமே மாறும். எதுவானாலும் மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் பாக்டீரியா) சோதனை செய்யாமல் இன்குபேட்டரில் வைக்காதீர்கள்.

நிஜமான மூச்சுக்குழாய்க்கு நெருக்கமானது காற்று-திரவ இடைமுக வளர்ப்பு. சவ்வுமேல் செல்கள் நிறைந்ததும் மேலே இருக்கும் மீடியத்தை எடுத்துவிட்டு, கீழிருந்து மட்டும் ஊட்டவேண்டும். மூன்று நான்கு வாரத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால் சிலியா (செல்மேல் இருக்கும் நுண்மயிர்கள்) அடித்துக்கொண்டிருக்கும், மேலே சளி படியும். ஒருநாள் விட்டு ஒருநாள் மீடியம் மாற்றவேண்டும், ஞாயிறும் பொங்கலும் பார்க்காது. ஊருக்குப் போகும் தேதியை லேபில் இன்னொருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பாசேஜுக்கு (செல்களைப் பிரித்துப் புதிய தட்டில் வளர்க்கும் சுற்று) மேல் போனால் சிலியா வராமலே போகலாம், ஆகவே ஆரம்பப் பாசேஜ் செல்களை நிறைய உறையவையுங்கள். முதன்மைச் செல்லின் ஒரு வயலும் அதற்கான மீடியமும் பல பத்தாயிரங்கள் ஆகும். ஆன்டிபாடிகள் வெளிநாட்டிலிருந்து வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் நேரத்தில் ஆர்டர் நகராது. ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள்.

9. இரண்டாம் ஆண்டு முடிவிலும் அதற்கப்புறமும்

ஜேஆர்எஃப்பிலிருந்து எஸ்ஆர்எஃப் தானாக ஆகாது. வெளி நிபுணர் ஒருவர் உள்ள குழு முன்னால் வேலையைக் காட்டவேண்டும். அவருடைய தேதிதான் கிடைக்காது, மூன்று மாதம் முன்பே கேளுங்கள். இங்கே தாமதமானால் உயர்ந்த தொகை அத்தனை மாதமும் நிலுவையில் நிற்கும்.

போஸ்ட்டாக் யோசனை இருந்தால் தீசிஸ் கொடுப்பதற்கு ஒரு வருடம் முன்பே ஆரம்பியுங்கள். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் முடியும். போகும் நாட்டில் கடந்த மூன்று வருடத்தில் பன்னிரண்டு மாதத்துக்குமேல் இருந்திருக்கக்கூடாது. ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் ஃபெலோஷிப்புக்குப் பட்டம் வாங்கிய இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும், ஆகவே வைவா முடிந்ததும் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அமெரிக்கா என்றால் பெரும்பாலும் ஜே-1 விசா. அழைக்கும் பல்கலைக்கழகம் டிஎஸ்-2019 படிவம் அனுப்பினால்தான் விசா நேர்காணலுக்குத் தேதி போடமுடியும். செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பதிவு) கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர். புதிய கட்டணங்கள் சேர்ந்திருக்கிறதா என்று கட்டும் முன் தூதரகப் பக்கத்தில் பாருங்கள். எங்கே விண்ணப்பித்தாலும் எம்எஸ்சி, பிஎச்டி இரண்டுக்கும் ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் அதற்குச் சில வாரம் ஆகும். ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்போதே ஐந்து செட் சீல் வைத்த உறையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.